பூனைக்குக் கொடுத்த காய்ச்சல் மாத்திரை

என்னங்க,

கறுப்பி இன்னும் ஆஸ்பத்திரியிலதான் இருக்கு. போர்த்தத் துணி வேணும்னாங்க, எடுக்க வந்தேன். மூச்சு இழுக்குது. ஈறெல்லாம் பழுப்பாயிருச்சு. "மனுஷங்க காய்ச்சல் மாத்திரை பூனைக்கு விஷம்மா, துளிகூடக் கொடுக்கக் கூடாது. கொடுத்த உடனே தூக்கிட்டு வந்திருக்கணும்"னு டாக்டரம்மா சொன்னாங்க. பொழைக்கிறது கஷ்டமாம்.

சின்னவ நாலு மணிக்குப் பள்ளிக்கூடத்துலேருந்து வந்துடுவா. சோறு குக்கர்ல இருக்கு. மொதல்ல அவளச் சாப்பிட வைங்க, அப்புறமா சொல்லுங்க. சும்மா தூங்குதுன்னு பொய் சொல்லாதீங்க.

மிச்ச மாத்திரைய பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன்.

காலையில சின்னவ முன்னாடியே "நீங்கதான் அதக் கொல்லப் பாத்தீங்க"ன்னு கத்திட்டேன். நீங்க செருப்ப மாட்டிட்டு வேலைக்குப் போயிட்டீங்க.

இன்னொண்ணு. எவ்வளவு கொடுத்தீங்கன்னு டாக்டரம்மா கேட்டாங்க. நீங்க நேத்து சாயங்காலம் கொடுத்த அரை மாத்திரைய மட்டும்தான் சொன்னேன். நேத்துக் காலையிலயே நானும் அரை கொடுத்திருந்தேங்க. சொல்ல வாய் வரல. இப்ப அதச் சொல்லத்தான் ஓடுறேன். சின்னவ கேட்டா, பழிய நீங்க ஏத்துக்காதீங்க. அம்மாவும் கொடுத்தாள்னு சொல்லிடுங்க.