படகோட்டி தெமிர்குல்

நவம்பர் 10, ஞாயிறு

ஹாலில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. எல்லோரும் கோட்டைக் கழற்றாமல் ஆடினார்கள். அந்தக் கோட்டுக் கைக்குள் யாராவது சீட்டைச் செருகுகிறார்களா என்று பார்ப்பதே நடுவரான எனக்குப் பாதி வேலையாகப் போயிற்று. பிஷ்கெக்கில் என்னைப் போல் ஞாயிற்றுக்கிழமையை வீணடிக்கிறவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். வார நாளெல்லாம் வீடு வீடாகப் போய் மின்மானி பார்க்கிறேன், ஞாயிறு வந்தால் சீட்டாட்டம் பார்க்கிறேன். இரண்டு இடத்திலும் என்னைக் கண்டதும் முகம் சுருங்குகிறது.

வழக்கமான தப்புகள்தான். ஒருவன் ஒரு சீட்டு எடுக்க வேண்டிய இடத்தில் இரண்டு எடுத்தான். இன்னொருவன் கீழே வைத்த சீட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு "சும்மா பார்த்தேன்" என்றான். யாரும் கூப்பிடவில்லை. ஆனால் தப்பைக் கண்ணால் பார்த்துவிட்டால் கூப்பிடாமலே போக வேண்டும் என்பது விதி. போனேன்.

புதிதாக ஒரு தப்பும் நடந்தது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

பெயர் அச்சடித்த சீட்டுகளை அவரவரே தேடிச் சேர்த்து, கட்டாகக் கொண்டுவந்து ஆடுகிற ஆட்டம் இது. அதில் 'அழைப்பு' என்று ஒரு சீட்டு. அதைப் போட்டுவிட்டு எதிராளியின் கையில் இருக்கும் சீட்டு ஒன்றின் பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். இருந்தால் அவன் அதை இழப்பான். இல்லாவிட்டால் சொன்னவருடைய முறை போய்விடும். பெகிமாய் அழைப்பைப் போட்டுவிட்டு, "இரும்புக்காரர்" என்றாள்.

எதிரே எர்மேக். வாயாடிப் பையன், இரண்டு வருடமாகப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறான், படிக்கிறானா தெரியவில்லை. "எந்த இரும்புக்காரர்? கொல்லனா, படகோட்டியா? நடுவர்!" என்று கையைத் தூக்கினான்.

"சீட்டுல என்ன அச்சடிச்சிருக்கோ அதை அப்படியே சொல்லும்மா" என்றேன்.

தரையைப் பார்த்தாள். "முடியாது அக்கா. அது எங்க மாமனார் பேரு."

சீட்டின் பெயர் படகோட்டி தெமிர்குல். தெமிர் என்றால் இரும்பு, அதனால் இரும்புக்காரர். எந்த மருமகளும் செய்கிறதுதான். என் அப்பாவின் அப்பா பெயர் அல்மாபெக், அல்மா என்றால் ஆப்பிள். என் அம்மா கடைசிவரை கடையில் போய் "அந்தச் சிவப்பு உருண்டை கொடுங்க" என்றுதான் கேட்டாள். கடைக்காரர் மூன்று முறை தக்காளி கொடுத்திருக்கிறார்.

விதி விதிதான். முதல் எச்சரிக்கை கொடுத்தேன்.

நவம்பர் 13, புதன்

நாய் துரத்தியது. மின்மானி பார்க்கவில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

பெகிமாய்க்கு இரண்டாவது எச்சரிக்கை. இந்த முறை "எங்க வீட்டுப் பெரியவர்" என்றாள். பக்கத்து மேசைக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அடுத்த தடவை பெயரைச் சரியாகச் சொல்லாவிட்டால் ஆட்டமே போகும் என்று அவளிடம் சொன்னேன். தலையை ஆட்டினாள்.

இடைவேளையில் தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். கணவன் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருக்கிறான். இவள் இங்கே மாமனார் மாமியாரோடு. மூன்றாவது வருடமாக ஆடுகிறாள், இரண்டு முறை கடைசி ஆட்டத்தில் தோற்றிருக்கிறாள். பிஷ்கெக்கிலிருந்து, கடைசி ஆட்டத்தை ஜெயிக்கிற ஒரே ஒருவர்தான் அல்மாட்டியில் நடக்கும் பெரிய போட்டிக்குப் போகலாம்.

"எங்க மாமியார் சொல்லிட்டாங்க அக்கா. 'இந்த வருஷம் அல்மாட்டி போனா போ. இல்லேன்னா அந்தக் காகிதத்தையெல்லாம் கட்டி மேல போட்டுட்டு வீட்டு வேலையைப் பாரு'ன்னு. அவங்க சொன்னா சொன்னதுதான்."

நடுவர் ஆட்டக்காரரோடு பேசக்கூடிய பேச்சு இல்லை இது. கேட்டுக்கொண்டேன், அவ்வளவுதான்.

அவளைக் காரில் கொண்டுவந்து விடுகிறவரே அந்தத் தெமிர்குல்தான். நாள் முழுக்க வெளியே காரில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறிக்கிறார். கண்ணாடியைத் தட்டி, "உள்ளே வந்து உட்காருங்க ஐயா" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் புரியாதும்மா. அவ சிரிச்சுக்கிட்டு வந்தா ஜெயிச்சிருக்கான்னு தெரிஞ்சுக்குவேன்" என்றார். கூடவே, கறி வைத்துச் சுட்ட சம்சா ஒன்றைச் சூடாகக் கையில் திணித்தார். தன் பெயரில் ஒரு சீட்டு இருப்பது அவருக்குத் தெரியாது. அவள் எப்படிச் சொல்வாள்?

டிசம்பர் 8, ஞாயிறு

இன்று கவனித்தேன். படகோட்டி தெமிர்குல் ஒன்றுக்கும் உதவாத சீட்டு என்று போன மாதம்வரை குழந்தைகளுக்குச் சும்மா கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது எல்லோரிடமும் இருக்கிறது. அவளால் கூப்பிட முடியாத ஒரே சீட்டு அது.

எர்மேக்கிடம் கேட்டேன். "ஏன்க்கா, வைக்கக் கூடாதுன்னு விதி இருக்கா?"

இல்லை. தேடிப் பார்த்தேன், இல்லவே இல்லை. எரிச்சலாக இருக்கிறது. எரிச்சலுக்கும் விதியில் இடம் இல்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

கடைசி ஆட்டம், பெகிமாயும் எர்மேக்கும். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வெளியே பனி கொட்டியதால், காரிலிருந்த பெரியவர் உள்ளே வந்துவிட்டார். அவளுக்குப் பின்னால், கூட்டத்தோடு நின்றார். கையில் தொப்பி.

எர்மேக் கையில் ஒரே ஒரு சீட்டு மிச்சம். அது என்ன என்று ஹாலுக்கே தெரியும். அவன் முகத்திலேயே எழுதியிருந்தது. அவன் முறை வந்து அதை வைத்தால் அவன் ஜெயித்துவிடுவான், அதற்குள் அழைப்பில் அதை இழந்தால் அவள் ஜெயிப்பாள். பெகிமாய் அழைப்பைப் போட்டாள். வாயைத் திறந்தாள், மூடினாள். கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. இரண்டு எச்சரிக்கை ஏற்கெனவே இருக்கிறது. 'இரும்புக்காரர்' என்றால் அந்த இடத்திலேயே தோல்வி.

கூட்டத்தில் எவனோ பெரியவர் காதில், "உங்க பேருதான் ஐயா பிரச்சினை" என்று ஓதிவிட்டான்.

"தெமிர்குல்!" என்று கத்தினார் அவர். "சொல்லு பொண்ணே! தெமிர்குல்னு சொல்லு! நானே சொல்றேன், அப்புறம் என்ன?"

எர்மேக் கையைத் தூக்கினான். தூக்கியிருக்க வேண்டியதில்லை, நான் பாதி வழி வந்துவிட்டேன்.

வெளியாள் தானாக யோசனை சொன்னால் அது ஆட்டக்காரரின் குற்றம் அல்ல. ஆனால் கேட்ட யோசனையை வைத்து ஆடவும் முடியாது. அதற்கு முன்னால் என்ன நினைத்திருந்தாரோ அதையே ஆட வேண்டும். அவளை ஜன்னல் பக்கம் கூட்டிப்போனேன்.

"அவர் பேசறதுக்கு முன்னாடி எந்தப் பேரைச் சொல்ல இருந்தே?"

இந்தக் கேள்விக்குச் சாட்சி கிடையாது. அவள் சொல்வதுதான் பதில். தெமிர்குல்லைத்தான் சொல்ல இருந்தேன் என்றால் நான் தலையாட்டிவிட்டுப் போயிருக்க வேண்டியதுதான்.

என்னை நேராகப் பார்த்தாள். "நீலக் குதிரை."

"அது அவன்கிட்ட இல்லைன்னு தெரியுமே உனக்கு."

"தெரியும் அக்கா. மத்தது வாயில வரலை. குதிரைன்னு சொல்லிட்டுத் தோத்துடலாம்னு இருந்தேன்."

"சரி. போய் அதையே சொல்லு."

சொன்னாள். எர்மேக் படகோட்டியை எடுத்து மேசையில் வைத்தான். முடிந்தது.

வாசலில் பெரியவர் என்னை மறித்தார். "என்ன தப்பு பண்ணேன்?" விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "அப்போ நான் என் பேரை அவளுக்குக் குடுத்தேன், நீ அதைப் பிடுங்கிக்கிட்டே" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

விதிப்படிதான் செய்தேன். இன்னொரு தடவை நடந்தாலும் அதையேதான் செய்வேன். ஆனா அந்தப் பைத்தியக்காரி ஒரு பொய் சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? ஒரே ஒரு வார்த்தை. நான் நம்பியிருப்பேனே! — நம்பியிருப்பேனா? இல்ல. பொய்னு தெரிஞ்சே விட்டிருப்பேன். அந்த வாய்ப்பைக்கூட அவ எனக்கு விட்டுவைக்கல. அழுகை அழுகையா வருது.

டிசம்பர் 16, திங்கள்

போன வீட்டிலெல்லாம் தேநீர் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் ஆறவிட்டு வந்தேன்.

ஜனவரி 19, ஞாயிறு

எர்மேக் அல்மாட்டியில் முதல் சுற்றிலேயே வெளியேறிவிட்டானாம். நடுவர் சந்தோஷப்படக் கூடாது. பட்டேன்.

பிப்ரவரி 20, வியாழன்

இந்த மாதம் புதுத் தெருக்கள் கொடுத்திருக்கிறார்கள். ஒரு நீலக் கதவைத் தட்டினால் தெமிர்குல் ஐயா வந்து திறக்கிறார். திரும்பி ஓடிவிடலாமா என்று இருந்தது.

"வா வா. வீட்டுலயும் தப்பு கண்டுபிடிக்க வந்திருக்கியா?" என்றார். மின்மானி சரியாகத்தான் இருந்தது. விடவில்லை, ரொட்டியும் தேநீரும் வைத்து உட்கார வைத்துவிட்டார். பெகிமாய் கடைக்குப் போயிருந்தாள்.

"கிழவிகிட்ட சொல்லிட்டேன். தோத்தது மருமக இல்ல, நான். அதனால அந்த வருஷம் கணக்குல சேராது. இன்னொரு வருஷம் ஆடட்டும்னு."

"அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?"

"ரெண்டு வாரம் என்கூடப் பேசல. அதுக்கென்ன, நிம்மதியா இருந்தேன்." சிரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இவதான் படுத்தறா. பேரைச் சொல்லிப் பழகுன்னு தலைபாடா அடிச்சுக்கிறேன். ரொட்டி வேணும்னா பேரைச் சொல்லிக் கேளுன்னேன். ரொட்டியே வேண்டாம்னுட்டா."

வெகு நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

புதுப் பருவத்தின் முதல் நாள். ஹீட்டரை மாற்றியிருக்கிறார்கள், இப்போது வேகிறது.

பெகிமாயும் எர்மேக்கும் ஒரே மேசையில் விழுந்தார்கள். அவன் அதே சீட்டைத்தான் வைத்திருந்தான், மாற்றத் தோன்றவில்லை போலிருக்கிறது. பெரியவர் கதவுப் பக்கம் நாற்காலி போட்டு, தலையைக் குனிந்து விதை கொறித்துக்கொண்டிருந்தார். மேசைப் பக்கம் பார்ப்பதில்லை என்று எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

பெகிமாய் அழைப்பைப் போட்டாள். நான் பக்கத்து மேசையில் நின்றேன். கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"படகோட்டி தெமிர்குல்!"

தேவைக்கு மேல் சத்தமாகவே வந்தது. கதவுப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. விதையெல்லாம் தரையில் கொட்ட, "என்னம்மா?" என்று பெரியவர் எழுந்து நின்றார்.

ஹாலே சிரித்தது. பெகிமாய் முகத்தை மூடிக்கொண்டாள், தோள் குலுங்கியது. எர்மேக் சீட்டைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் தூக்கினான். "நடுவர்! வெளியாள் பேசறார்!"

போனேன்.

"கூப்பிட்டா, வந்தார்" என்றேன். "நீ ஆடு."