கட்டு மாற்ற நான் இருக்கிறேன்

திருவள்ளூர்,
வைகாசி, ஞாயிற்றுக்கிழமை.

என் செல்லக் குழந்தை வைதேஹிக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. வீரராகவப் பெருமாள் புண்ணியத்தில் இங்கே நாங்கள் வழக்கமான சண்டை சச்சரவோடு க்ஷேமம். நீயும் அந்தத் தில்லி வெயிலில் வாடி வதங்காமல், வேளைக்குச் சாப்பிட்டு க்ஷேமமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் நேற்று வந்தது. ஆடியில் கடைசிப் பரீட்சையை வைத்துக்கொண்டு, படிப்பை விட்டுவிட்டு வருகிறேன், டிக்கெட் கூட வாங்கியாயிற்று என்று எழுதியிருக்கிறாயே, உனக்கு என்ன பைத்தியமா? ஊரார் காலுக்கெல்லாம் கட்டுப் போட்டுவிட்டுப் பெற்ற அப்பா காலைக் கவனிக்காமல் விட்டேனே, எனக்கு இந்தப் பட்டம் எதற்கு என்று கேட்டிருக்கிறாய். உன் அண்ணா வேங்கடேசனைச் சொல்ல வேண்டும். கும்மிடிப்பூண்டி ரயில்வே ஸ்டேஷனில் உட்கார்ந்துகொண்டு படபடவென்று தந்தி கொடுக்கத் தெரிந்தது, விவரமாக நாலு வரி எழுதத் தெரியவில்லை. நான் எழுதுகிறேன், ஒன்றையும் ஒளிக்காமல். பதறாமல் படி.

சித்திரை உற்சவத்தில் வழக்கம்போல அப்பா பெருமாள் வாகனத்தைச் சுமக்கத் தண்டுக்குத் தோள் கொடுத்தார். வெயில் கொளுத்தினாலும் செருப்பில்லாமல்தானே போக வேண்டும். எங்கேயோ கண்ணாடிச் சில்லு ஏறியிருக்கிறது. சர்க்கரை வியாதிக் கால், மரத்துப் போயிருக்கிறது, மனுஷருக்குச் சுரணையே இல்லை. வீட்டுக்கு வந்து காலை அலம்பும்போதுதான் ரத்தத்தைப் பார்த்தாராம். பார்த்தவர் என்னிடம் சொன்னாரா? அதுதான் இல்லை. ரத்தக் காயத்தோடு பெருமாளைத் தொடக் கூடாது, தெரிந்தால் தண்டிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று மஞ்சளை அப்பி மறைத்துக்கொண்டு உற்சவம் முடியும் வரை சுமந்திருக்கிறார். காலைத் தினமும் பார்த்துக்கொள் அப்பா என்று நீ எழுதாத கடிதம் உண்டா? நாற்றம் வந்த பிறகு நான் கண்டுபிடித்து, வேங்கடேசனைக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள் குழந்தே. காலை எடுக்கவில்லை, பாதத்தை எடுக்கவில்லை, இரண்டு விரல்தான். அழுவதானால் இங்கே நிறுத்திவிட்டு அழுது முடித்துவிட்டு மேலே படி. நான் அழுதாயிற்று.

ஆஸ்பத்திரியில் நடந்ததை நீ அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். கூட வாகனம் சுமக்கும் ஸம்பத்குமார் மாமாவும் மற்றவர்களும் அப்பாவைப் பார்க்க வந்தார்கள். இத்தனை நாளும் அப்பா கோயிலில் என் பெண் எம்.எஸ்ஸி. படிக்கிறாள் என்று மட்டும்தான் சொல்லி வைத்திருந்தார். பௌதிகமா, ரஸாயனமா என்று யாராவது கேட்டால் உடனே மணி என்ன என்று கேட்டு நழுவிவிடுவார். கண்ட பேரையும் தொட்டுக் கழுவுகிற படிப்பு என்று சொல்ல அவருக்கு வெட்கம். உனக்கும் அது தெரியும், தெரிந்தும் நீ ஒரு நாள் கூட அதைச் சொல்லிக் காட்டினதில்லை. மாமா பரிதாபப்பட்டுக்கொண்டு, "ஏன் ஓய், பொண்ணை அவ்ளோ தூரம் படிக்க அனுப்பி என்ன பிரயோஜனம், ஒரு நர்ஸா இருந்தாலாவது இந்த நேரத்துக்கு ஒத்தாசையா இருந்திருப்பா" என்றார். அப்பா எழுந்து உட்கார்ந்தார். "என் பொண்ணு நர்ஸுதான் ஓய், அதுலதான் எம்.எஸ்ஸி. பண்றா. அவ பேச்சைக் கேட்டிருந்தா எனக்கு இந்த விரல் இருந்திருக்கும்" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினார். ஆயா பச்சையம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னா சாமி, பொண்ணு இம்மாம் படிப்பு படிச்சிக்கினு கீது, நீ இன்னாடான்னா மஞ்சளைத் தடவிக்கினு ஊட்லயே குந்தியிருந்தியே" என்று கேட்டாள். அவர்கள் எல்லோரும் போன பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதார். இனிமேல் அவர் தோள் தண்டுக்கு இல்லை என்று அவருக்கே தெரிந்துவிட்டது. உட்கார்ந்து மாலை கட்டுகிறேன் என்று தானே சொல்லியிருக்கிறார்.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். நீ பழைய கடிதங்களில் எழுதியிருந்தபடியே தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, என் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நான்தான் கட்டு மாற்றுகிறேன். முதல் நாள் அரை மணி ஆயிற்று, இப்போது பத்தே நிமிஷம். கட்டு மாற்றினால் மறுபடி ஸ்நானம் பண்ணிவிட்டுத்தான் தளிகை உள்ளுக்குச் சமைக்கப் போகிறேன். அதற்காக என்னைக் கேலி செய்யாதே, இந்த வயதில் அவ்வளவுதான் மாற முடியும். புண் சிவப்பாக, சுத்தமாக ஆறிக்கொண்டு வருகிறது. ஆகையால் நீ வந்து செய்ய வேண்டியது இங்கே ஒன்றுமில்லை. அப்பா போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டு நீ என்ன படிக்கிறாய் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நீ பாதியில் விட்டுவிட்டு வந்து நின்றால் அந்த மனுஷர் முகத்தை எங்கே கொண்டு வைத்துக்கொள்வார்? டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு.

ராத்திரி கண் விழித்துப் படித்தால் மோர் குடி. தலைக்கு எண்ணெய் வை. நீ நன்றாகப் பாஸ் செய்து, தொட்ட இடமெல்லாம் புண் ஆறும் கையோடு தீர்க்காயுசாக இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் ஆசீர்வாதம் செய்கிறோம். கடைசியாக ஒன்று. உன்னைப் பார்த்து ஒரு வருஷம் ஆகப் போகிறது, எனக்குத் தாங்கவில்லை. பரீட்சைக்குள் மனசு கேட்காமல், வந்துவிடு வைதேஹி என்று நானே எழுதினாலும் எழுதுவேன். எழுதினால் அதை மட்டும் கேட்காதே.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும் அம்மா,
கமலவல்லி