கோட்டு மட்டும் நலமில்லை

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

இங்கு நான் நலம். நம் வாலுவும் நலம். முன்பல் ஒன்று விழுந்துவிட்டதால் சிரிக்கும்போது இன்னும் வில்லங்கமாகத் தெரிகிறாள். உன் குளிர் கோட்டு மட்டும் நலமில்லை. போனில் சொன்னால் நான் குரலை உயர்த்துவேன், நீ பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

ஆஸ்பத்திரி வேலை ஆறு மாதம்தான், குளிர் தொடங்குவதற்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். கோட்டை அலமாரியிலேயே விட்டுப் போனதால் நானும் தெம்பாக இருந்தேன். போன மாதம், வேலையை நிரந்தரமாக்குகிறார்களாம், யோசிக்கிறேன் என்றாய். அடுத்த வாரமே கோட்டைப் பார்சலில் அனுப்பச் சொன்னாய். யோசித்து முடித்துவிட்டாய் என்று எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு பார்சல் ஆபீஸ் மூடியிருந்தது, அட்டைப்பெட்டி கிடைக்கவில்லை, எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது என்று நான் சொன்னதெல்லாம் பொய். உனக்கும் தெரிந்திருக்கும். நர்ஸாக இருந்துகொண்டு, முதுகுக்கு என்ன மருந்து போட்டாய் என்று நீ கேட்கவே இல்லையே.

பொய்ச் சரக்கு தீர்ந்ததும் கோட்டை வெளியே எடுத்தேன். உள்ளே அடைத்திருக்கிற இறகில் ஒன்று, வெள்ளையாக, இடது தோள் தையலில் எட்டிப் பார்த்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அவ்வளவு சந்தோஷம். பழுதான கோட்டை எப்படி அனுப்ப முடியும்? நிஜமாகவே ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். தொழில் புத்தி விடுமா? மூக்குக்கண்ணாடிக்குத் திருகாணி மாட்டிப் பழகிய கை. கோட்டை என் கண்ணாடிக் கடைக்குக் கொண்டுபோய், திருகாணியைப் பிடிக்கிற சாமணத்தால் அந்த இறகை நயமாக உருவினேன். பின்னாலேயே இன்னொன்று வந்தது. அதையும் உருவினேன். இடம் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். மத்தியானத்துக்குள் என் மேஜை கோழிக்கடை மாதிரி ஆகிவிட்டது. போதாததற்கு மின்விசிறியை வேறு போட்டுத் தொலைத்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு வாத்தியார் புதுக் கண்ணாடி வாங்க வந்தார். மாட்டிப் பார்த்துவிட்டு, எழுத்தெல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது, ஆனால் கண்ணுக்கு முன்னால் வெள்ளையாக ஏதோ பறக்கிறதே, பவர் சரிதானா என்று கேட்டார். போகப் போகச் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

இரண்டு நாளில் தோள் பக்கம் சொட்டையாகிவிட்டது. எனக்குக் கோபம் தலைக்கேறி, கோட்டு வாங்கிய கடைக்குப் போன் போட்டேன். மட்டமான சரக்கை எங்கள் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தேன். எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வெளியே வந்த இறகை என்ன செய்தீர்கள் என்றாள். சாமணம் வைத்துச் சுத்தமாக எடுத்தேன், துணியில் ஒரு கீறல் கிடையாது என்று பெருமையாகச் சொன்னேன்.

"சார், தயவுசெஞ்சு பிடுங்காதீங்க. துணிக்குப் பின்பக்கமா இறகைப் பிடிச்சு உள்ள இழுத்து விடுங்க."

பிறகு விளக்கினாள். உள்ளே பஞ்சு மாதிரியான இறகோடு காம்புள்ள இறகும் கொஞ்சம் கலந்திருக்குமாம். தைத்த ஊசி போன துளை வழியாகக் காம்பு முனை குத்திக்கொண்டு வருமாம். ஒன்றிரண்டு வருவது பழுதே இல்லையாம். வெளியே பிடுங்கினால்தான் துளை பெரிதாகும், பக்கத்தில் இருப்பதும் கூடவே கிளம்பிவிடும். உள்ளே இழுத்துவிட்டு அந்த இடத்தை விரலால் லேசாகத் தேய்த்தால் நூலிழைகள் நெருங்கித் துளை மூடிக்கொள்ளும். தோள்பை வார் உரசுகிற இடம்தான் முதலில் போகும் என்றும் சொன்னாள். உன் பை இடது தோளில்தானே தொங்கும்? மார்புப் பக்கம் பெயர் அட்டையை ஊக்கால் குத்தி வைத்த துளைகளும் இருக்கின்றன. அவற்றுக்கு நான் பொறுப்பில்லை.

அப்புறம் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை பார்த்தேன். தலைநீட்டிய இறகையெல்லாம் உள்ளே இழுத்துத் தேய்த்தேன். தையல் ஓரமாகத் துணிப் பசையை மெலிதாகத் தடவினேன். நான் பெரிதாக்கிய ஓட்டைமேல் அதே நீலத்தில் ஒட்டுத்துணி ஒட்டினேன். சோதித்துப் பார்க்க, வாலுவுக்குக் கோட்டை மாட்டி மாடிப்படியில் ஏறி இறங்கச் சொன்னேன். கோட்டு மட்டும் தனியாக ஓடுகிற மாதிரி இருந்தது, ஆளைக் காணோம். பிறகு இருவரும் குனிந்து படி படியாகத் தேடினோம். ஒரு இறகுகூட இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று கையைத் தூக்கினேன். அவள் முகம் தொங்கிப்போயிற்று.

"அப்பா, அப்போ இனிமே அனுப்பித்தான் ஆகணுமா?"

நான் மட்டும்தான் நாள் கடத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று அனுப்பிவிட்டேன். அந்த வேலை உனக்குப் பிடித்திருக்கிறது, குரலிலேயே தெரிகிறது. நீ இல்லாமல் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதைச் சொல்லத் தெரியாமல்தான் ஒவ்வொரு போனிலும் ஏதாவது குற்றம் கண்டுபிடித்தேன். குளிரில் நடுங்கிக்கொண்டு நீ எந்த முடிவும் எடுக்க வேண்டாம். கதகதப்பாக இருந்து யோசி.

கோட்டைப் பெட்டிக்குள் அமுக்கித்தான் வைத்திருக்கிறேன், வந்ததும் உதறித் தொங்கவிடு. ஊக்கு குத்தாதே. பையைக் கையில் பிடித்துக்கொள். சும்மா சும்மா துவைக்காதே. துவைத்தால் காரமில்லாத திரவ சோப்பு கொஞ்சம் போதும், உள்ளே ஈரம் இல்லாமல் காய்கிற வரை கட்டி கட்டியாகச் சேர்ந்த இறகைத் தட்டிப் பிரித்துவிடு. வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ.

நான் பிடுங்கிய இறகுகளையெல்லாம் வாலு ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டு மூடி வைத்திருக்கிறாள். அதையும் பார்சலில் வைத்துவிடலாம் என்றேன். தரமாட்டேன் என்றுவிட்டாள். அம்மாவுடையதை அம்மாவே வந்து வாங்கிக்கொள்ளட்டுமாம். நானும் வற்புறுத்தவில்லை.

இப்படிக்கு,
இனி சாமணத்தைத் தொடுமுன் யோசிக்கிற
உன் வீட்டுக்காரன்