மாமன் மடி

அனுப்பர்பாளையம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள சுபஸ்ரீ அக்காவுக்கு, அம்மா சொல்லச் சொன்னதையும் சேர்த்து தேஜஸ்ரீ எழுதுவது. லூதியானாவில் நீயும் மாமாவும் குட்டி அக்ஷராவும் நோய்நொடி இல்லாமல் இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். நாங்கள் இருக்கிறோம். போனில் பேசினால் பக்கத்திலேயே படுத்திருக்கும் மாதவன் அண்ணன் காதில் விழும், அதனால்தான் கடிதம்.

அக்ஷராவின் காதுகுத்துக்கு உன் தம்பி மாதவன் மடியில்தான் குழந்தை உட்கார வேண்டும் என்று நீ பிடிவாதமாக நின்றாய். பொங்கலுக்கு வந்தபோது உன் மாமியார் அம்மாவிடம், "மொறைய நான் வேண்டாங்கலீங்க சம்பந்தி. வாய் ஒழுகாம இருந்தா உக்காரட்டும். எச்சல் ஒழுகற மடியில எம்பேத்திய எப்படீங்க வெக்கறது?" என்று மெதுவாகத்தான் கேட்டார்கள். அந்த வாரமே அம்மா அவனை டாக்டரிடம் கொண்டுபோனாள். எச்சில் அதிகமாக ஊறவில்லை, மூளை முடக்குவாதத்தால் விழுங்கத்தான் வரவில்லை, அதுதான் வழிகிறது என்று சொல்லி, எச்சிலைக் குறைக்க வேளைக்கு அரை மாத்திரை எழுதினார். பனியன் கம்பெனி கட்டிங் வேஸ்ட் துணியில் தைத்த கழுத்துத் துணியை ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை மாற்றுவோம், அது ஏழாகக் குறைந்தது, தாடைப் புண்ணும் ஆறியது. அண்ணன் தலையணையை மடியில் வைத்து அணைத்துப் பழகினான், நழுவி விழுந்தால் அவனே சிரிப்பான்.

ஏழு எனக்குப் போதவில்லை அக்கா. முழுசாகக் காய்ந்தால்தான் உன் மாமியார் ஒப்புவார்கள் என்று நினைத்து, அம்மா வேலைக்குப் போன நேரத்தில் நானே முழு மாத்திரையாகக் கொடுத்தேன். துணி நனையவே இல்லை, அந்தச் சந்தோஷத்தில் யாரிடமும் சொல்லவில்லை. நான்காம் நாள் அவனுக்குச் சிறுநீர் வரவில்லை, வயிறு கல்லாகிவிட்டது, சளி கெட்டியாகி நெஞ்சை அடைத்தது. ஆஸ்பத்திரியில் குழாய் போட்டு ஆறு நாள் வைத்திருந்தார்கள். அம்மா என்னைத் திட்டவில்லை, "என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமல்லொ கண்ணு" என்று மட்டும் சொன்னாள். மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். எச்சில் சுரப்பியில் போடும் ஊசி ஒன்று இருக்கிறதாம், அதுவும் சில மாதம்தான் தாங்குமாம், விழுங்குவது இன்னும் சிரமமானாலும் ஆகலாம், நெஞ்சு தேறும்வரை அதை யோசிக்கவே முடியாது என்கிறார் டாக்டர். துணி பழையபடி நனைகிறது.

அதனால் பெரியப்பா மகன் மகுடேஸ்வரன் மடியில் வைத்துக் காது குத்திவிடச் சொல்கிறாள் அம்மா. மாமியாரிடம் சண்டை வேண்டாம், நீ அங்கே வாழ வேண்டியவள். மாமன் சீரை நான் காதுகுத்து நடக்கும் குண்டடத்துக்கு எடுத்து வருகிறேன், அம்மா இவனோடு இருந்துகொள்வாள். குத்தின காதில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள். குழந்தை தீர்க்காயுசாக இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதே. காதுகுத்து அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போய்விட்டது என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறோம், அவன் சரியென்று தலையாட்டினான். விசேஷம் முடிந்ததும் நம் வீட்டுக்கு வராமலே ரயில் ஏறிவிடு. இனிமேல் குழந்தையின் போட்டோ அனுப்பினால் காது தெரியாமல் அனுப்பு.

அம்மா பழனியம்மாளின் ஆசியோடு,
தேஜஸ்ரீ