இரண்டு கையும் விரித்தால் நிறுத்து

தென்காசி
28.5.2025

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் பேசினால் மூன்றாவது நிமிஷத்தில் சண்டை வந்துவிடுகிறது, முக்கியமான விஷயத்தை இனிமேல் காகிதத்தில்தான் பேச வேண்டும் என்று சொன்னது நீங்கள். சரி, இதோ காகிதம். நம் தெருவிலிருந்து வாரத்துக்கு ஒருவர் தம்மாமுக்கு விமானம் ஏறுகிறார். நமக்குத் தபால்காரருக்கா பஞ்சம்? இது முகம்மது சலீம் அண்ணன் பெட்டியில், மாமி வறுத்த நேந்திரங்காய்ச் சிப்ஸுக்கு அடியில் வருகிறது. முதலில் சிப்ஸைச் சாப்பிடுங்கள், பிறகு படியுங்கள்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. சுந்தரபாண்டியபுரம் காற்றாலை சைட்டில் சேஃப்டி ஆபீசர். கடைசியாக ஒரே ஒரு காற்றாலை மிச்சம். கோபுரம் எழும்பி மொட்டையாக நிற்கிறது. அதில் பிளேடு என்கிற மூன்று இறக்கைகளையும் ஏற்ற வேண்டும். கிரேன் ஓட்டுவது யார் தெரியுமா? உங்கள் கூட்டாளி பரீது அண்ணன். முக்காட்டுக்கு மேல் ஹெல்மெட் போட்டு நான் போய் நின்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "தங்கச்சி, ஒம் மாப்பிள்ளைக்குத் தெரியுமா?" என்பதுதான். "தெரியப்படுத்துதேன்ணே" என்றேன். தெரியப்படுத்திவிட்டேன்.

கோபப்படாதீர்கள். பொழுது போகட்டும் என்று அந்த சேஃப்டி டிப்ளமோவில் என்னைச் சேர்த்தது நீங்கள். அதற்கும் முன்னால் முதல் பாடம் நடத்தியதும் நீங்கள்தான். கல்யாணமான புதிதில் வீடு நிறையச் சொந்தக்காரர்கள். கூடத்துக்கு அந்தப் பக்கம் நின்று ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சின்ன வட்டம் போடுவீர்கள். கிரேன்காரர்களுக்கு அது ‘சுமையைத் தூக்கு’. நமக்கு, ‘மொட்டைமாடிக்கு வா’. மாமி பார்த்துவிட்டால் நான் இரண்டு கையையும் விரித்து, உள்ளங்கையைக் கவிழ்த்து அசைப்பேன். உடனே நில்! "மத்த சைகையெல்லாம் சிக்னல்மேன் ஒருத்தன்தான் காட்டணும். நிறுத்துங்கிறதை மட்டும் எவன் காட்டினாலும் ஆப்பரேட்டர் நிறுத்தியே ஆகணும்" என்று அன்று சொல்லித் தந்தீர்கள். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு எனக்கு முழு மார்க்.

வாழ்த்தி ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள்
சனோபர்

தம்மாம்
9.6.2025

என் சனோபருக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். சிப்ஸ் நன்றாக இருந்தது. கடிதம் நன்றாக இல்லை.

சைட்டில் எல்லோரும் சேர்ந்து வெறுக்கிற ஒரே ஆள் சேஃப்டிக்காரன்தான். இங்கே ஒருவர் இருக்கிறார், கொல்லத்துக்காரர். அவர் பெயரே எங்களுக்கு மறந்துபோய்விட்டது. ‘விசில்’ என்றுதான் கூப்பிடுவோம். அவர் வருவது தெரிந்தால் கண்ணைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவோம். என் மனைவிக்கு அந்தப் பிழைப்பா?

ஆனால் என் எரிச்சல் அதனால் மட்டும் இல்லை. உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். போன வருஷம் பக்கத்து கிரேனில் இரும்புக் குழாய்க் கட்டு ஒன்று காற்றில் திரும்பியது. சுமை சுழலாமல் இருக்கக் கீழிருந்து கயிறு பிடித்து நின்றவன் கடையநல்லூர்ப் பையன். மத்தியானம் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டவன். நான் என் கேபினுக்குள் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்தேன். இறங்கி ஓடுவதற்குள் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து சுமைக்குக் கீழே யார் நின்றாலும் தூக்குவதை நிறுத்திவிட்டு ஹார்னை அடிக்கிறேன். அங்கே நீ நிற்பாய் என்றால் நான் இங்கே எப்படிச் சுமையைத் தூக்குவேன்? பயம்தான், வேறொன்றும் இல்லை.

ஆகஸ்டில் லீவு. நான் வந்து கதவைத் தட்டினால் நீதான் திறக்க வேண்டும். அதற்குள் வேலையை விட்டுவிடு. இது ஒன்றுதான் கேட்கிறேன்.

உம்மாவின் முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

உன்
சமீர்

தென்காசி
24.6.2025

அன்புள்ள மச்சானுக்கு,

ஸலாம். அந்தப் பையனுக்காக துஆ செய்தேன். மாமியும் செய்தார்கள். இந்தப் பாரத்தை ஒரு வருஷம் எப்படி ஒற்றை ஆளாகச் சுமந்தீர்கள்?

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது. ஐந்தருவியில் ஆண்டவன் புண்ணியத்தில் நல்ல தண்ணீர். ஊரே சாரலில் நனைந்து சிரிக்கிறது, எங்கள் சைட் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறது. செங்கோட்டைக் கணவாய் வழியாகச் சாரலைக் கொண்டுவருகிற அதே மேல்காற்றுதான் எங்களை வேலை செய்ய விடாமல் அடிக்கிறது. மேனேஜருக்கு அவசரம். சீசன் காற்று வீணாகப் போவதற்குள் இறக்கையை மாட்டிச் சுற்றவிட வேண்டும். "காத்துள்ளபோதே தூத்திக்கணும்மா" என்று தினமும் ஓதுகிறார். ஒரு நாள் வாய் சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன்: "தூத்துறதுக்குத்தான் சார் காத்து வேணும், தூக்குறதுக்கு வேண்டாம்."

போன வாரம் நடந்ததைக் கேளுங்கள். கிரேன் உச்சியில் இருக்க வேண்டிய காற்றுமானி கெட்டுக் கிடக்கிறது. புதிது வேண்டும் என்று வந்த நாளிலிருந்து கேட்கிறேன். அதுவரைக்கும் கையில் ஒரு குட்டி மீட்டரை வைத்துக்கொண்டு போர்மேன் ஏசுவடியான் அண்ணாச்சி ஷெட்டுக்குப் பின்னால் நின்று காற்றை அளக்கிறார். ஷெட்டின் மறைவில் என்ன காற்று இருக்கும்? ஐந்து என்று காட்டியது. வினாடிக்கு எட்டு மீட்டருக்குக் கீழே இருந்தால் தூக்கலாம். தூக்குங்கள் என்றார் மேனேஜர்.

இறக்கை பனைமர உயரம் போனது. எல்லோரும் அண்ணாந்து அதையே பார்த்தார்கள். நான் கயிறு பிடித்தவர்களின் கால்களைப் பார்த்தேன். குதிகால் ஊன்றி நின்றவர்கள் அப்படியே இழுபட்டுப் போகிறார்கள், செம்மண்ணில் ஏர் உழுத மாதிரி கோடு விழுகிறது. பனை உயரத்திலேயே இப்படி என்றால் உச்சியில்? யோசிக்க நேரம் இல்லை. பரீது அண்ணன் கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்கு ஓடினேன். இரண்டு கையையும் விரித்தேன்.

நின்றுவிட்டது மச்சான்! அவ்வளவு பெரிய கிரேன், என் இரண்டு கைக்கு நின்றுவிட்டது.

இறக்கையைக் கீழே வைத்த பிறகு வந்தது வினை. காற்று அடங்கிவிட்டது. சாயந்தரம் வரை பூனைக்குட்டி மாதிரி படுத்துக்கொண்டு என் மானத்தை வாங்கியது. மறுபடி கட்டித் தூக்க வெளிச்சமும் இல்லை. "ஒண்ணும் நடக்கலியேம்மா!" என்று எல்லோர் முன்னாலும் மேனேஜர் கத்தினார். "ஒண்ணும் நடக்காம இருக்கத்தானே சார் என்னைய வேலைக்கு வச்சிருக்கீங்க" என்றேன். விசிலை வாங்கிக்கொண்டு என்னை கேட்டில் உட்கார வைத்துவிட்டார். வாட்ச்மேன் மணிமுத்து அண்ணாச்சியோடு சேர்ந்து, போகிற வருகிற லாரிகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

உங்களுக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும். எனக்கு அழுகை வருகிறது. ஆனால் அந்தக் கோடுகளை நான் பார்த்தது நிஜம்.

மங்குஸ்தான் அனுப்பியிருக்கிறேன். அழுத்தி வைக்க வேண்டாம்.

சனோபர்

தம்மாம்
6.7.2025

என் சனோபருக்கு,

நீ எழுதுவதற்கு முன்னாலேயே பரீது போன் செய்துவிட்டான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஏலே சமீரு, ஒம் பொண்டாட்டி ரெண்டு கையையும் விரிச்சா பாரு, எங்கை தன்னால லிவர விட்டுட்டு. மேனேஜர் கத்துதாரு, எனக்குக் காதே கேக்கல. பெறவுதான் பாத்தேன், எனக்கு வேர்த்து ஊத்துது. அந்தப் புள்ள சைட்டுக்குள்ள வராம, மேல மீட்டரு மாட்டாம, நான் அந்த பிளேடைத் தொட மாட்டேன். அவரே வந்து ஓட்டிக்கிடட்டும்."

எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தாயா? அந்த மேனேஜர் மட்டும் எதிரில் இருந்தால் அவரை ஹூக்கில் மாட்டிக் குற்றால மலை உச்சியில் இறக்கியிருப்பேன். என் மனைவியைப் பார்த்துக் கத்த எனக்கே தைரியம் கிடையாது, அவர் யார்?

இன்னொன்று. மங்குஸ்தானை எடுத்துக்கொண்டு ‘விசில்’ அறைக்குப் போனேன். அவர் பயந்தே போனார், அடிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார். "சாரே, நாட்டில் என் மனைவி உங்கள் வேலைதான் பார்க்கிறாள்" என்றேன். அவர் பெயர் தாமஸ். இத்தனை வருஷத்தில் அவரிடம் வந்து உட்கார்ந்த முதல் ஆப்பரேட்டர் நான்தானாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் மாறிவிட்டேன் என்று நினைக்காதே. இழுபட்ட கயிற்றுக்குப் பக்கத்தில் நீ நின்றிருக்கிறாய். அதை நினைத்தால் தூக்கம் போகிறது. ஆகஸ்ட் பத்தாம் தேதி காலை வந்து இறங்குகிறேன். கதவை நீ திற.

உன்
சமீர்

தென்காசி
20.7.2025

அன்புள்ள மச்சானுக்கு,

உட்கார்ந்து படியுங்கள். ஜெயித்துவிட்டேன்.

பரீது அண்ணன் சொன்னபடியே பிடிவாதமாக இருந்தார். கடைசியில் வேறு வழியில்லாமல் புதுக் காற்றுமானி வரவழைத்து கிரேன் உச்சியில் மாட்டினார்கள். சுமை இல்லாமல் கிரேனின் வெறும் கையை மட்டும் மேலே நிமிர்த்திப் பார்த்தார்கள். நான் கேட்டிலிருந்து எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே ஷெட் மறைவில் ஏசுவடியான் அண்ணாச்சி மீட்டர் ஐந்து என்றது. "சார், கொஞ்சம் ஏறி வந்து பாருங்க" என்று பரீது அண்ணன் மேனேஜரைக் கேபினுக்குக் கூப்பிட்டார். அங்கே காட்டியது பதின்மூன்று!

மேனேஜர் இறங்கினார். நேராக கேட்டுக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து மேஜையில் வைத்தார். "நீங்க சொல்லுற அன்னைக்குத் தூக்கலாம்மா" என்றார். மனுஷன் கெட்டவர் இல்லை, அவசரக்காரர். மணிமுத்து அண்ணாச்சிதான் சும்மா இருக்காமல் கை தட்டிவிட்டார்.

அன்று கயிறு பிடித்தவர்களில் மூத்தவர் முத்துராஜ் என்று ஒருவர், இலத்தூர்க்காரர். டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "எல்லாவனும் பிளேடத்தாம்மா பாப்பான். எங்க காலப் பாத்த மொத ஆளு நீதான்" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் பெரிய தலைவலி காற்று இல்லை, சூரியகாந்தி. சுற்றிலும் பூத்துவிட்டது. அருவியில் குளித்த கூட்டமெல்லாம் நேராக இங்கன வந்து, நாங்கள் கட்டிய எச்சரிக்கை நாடாவைத் தாண்டிக் கிரேனுக்கு அடியில் நின்று போட்டோ எடுக்கிறது. நேற்று ஒரு புது மாப்பிள்ளையை விசில் ஊதியே விரட்டினேன்.

கதவு விஷயத்தை நான் மறக்கவில்லை. உங்கள் பயமும் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அந்தக் கடையநல்லூர்ப் பையனின் சைட்டில், அவன் காலைப் பார்க்க ஒரு ஆள் இருந்திருந்தால்? இதற்கு மட்டும் நீங்கள் பதில் சொல்ல வேண்டும்.

சனோபர்

தென்காசி, வீட்டில்
10.8.2025, விடியுமுன்

அன்புள்ள மச்சானுக்கு,

இந்தக் கடிதம் பெட்டியில் வரவில்லை. கதவைத் திறந்ததும் மாமி உங்கள் கையில் கொடுப்பார்கள். ஆமாம், கதவைத் திறந்தது மாமிதான். நான் இல்லை.

என் கேள்விக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. அதைப் பதிலாகவே எடுத்துக்கொண்டு இரண்டு நாள் அழுதேன். பிறகு காற்று அடங்கியது, அழ நேரம் கிடைக்கவில்லை. இரண்டு இறக்கைகள் ஏறிவிட்டன. மூன்றாவது இன்று காலை. நீங்கள் வருகிற நாளில்தானா என்று காற்றைத் திட்டித் தீர்த்துவிட்டேன். அது கேட்கிற ரகம் இல்லை, நானும் அப்படித்தான் ஆகிவிட்டேன்.

நீங்கள் கேட்ட ஒன்றே ஒன்றை நான் செய்யவில்லை. கோபத்தை வந்து நேரில் கொட்டுங்கள். இடியாப்பம் மூடி வைத்திருக்கிறேன், மாமி பால் ஊற்றித் தருவார்கள். வந்த களைப்பில் பசியோடு சண்டை போடக் கூடாது.

சனோபர்

சுந்தரபாண்டியபுரம் சைட், கேட்
10.8.2025

சேஃப்டி ஆபீசர் அம்மாவுக்கு,

இந்தத் தாள் மணிமுத்து அண்ணாச்சியிடம் வாங்கியது. அவரே உன்னிடம் கொண்டுவருவார். எனக்குத்தான் உள்ளே வர அனுமதி இல்லையே.

உம்மா கதவைத் திறந்ததும் எனக்கு ரத்தம் தலைக்கேறியது. இடியாப்பத்தைத் தொடவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். உன்னைக் கையோடு கூட்டிப்போகத்தான் வந்தேன், மறைக்கவில்லை.

வந்து பார்த்தால் பூவுக்கு நடுவே கூட்டம், தூரத்தில் நீ. இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம் என்று நாடாவைத் தாண்ட ஒரு காலைத் தூக்கினேன். தலையில் ஹெல்மெட் இல்லை. அவ்வளவு தூரத்திலிருந்து நான் யார் என்று உனக்குத் தெரிந்ததா, இல்லை போட்டோ எடுக்க வந்த மாப்பிள்ளை என்று நினைத்தாயா? இரண்டு கையையும் விரித்தாய்.

நின்றுவிட்டேன். கோபம் போய்ப் புத்தி வருவதற்கு முன்னால் என் உடம்பு நின்றுவிட்டது. ஒரு கால் நாடாவுக்கு அந்தப் பக்கம், ஒரு கால் இந்தப் பக்கம். "யாரு, சேஃப்டியம்மா மாப்பிள்ளையா? காலை எடுங்க தம்பி, எங்களுக்குத் திட்டு விழும்" என்று சிரித்துவிட்டு மணிமுத்து அண்ணாச்சி என் தலையில் ஒரு ஹெல்மெட்டைக் கவிழ்த்தார்.

அப்புறம் இறக்கை ஏறியது. நான் அதைப் பார்க்கவில்லை. கயிறு பிடித்தவர்களின் கால்களைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு கால்கூட நகரவில்லை, சனோபர். ஒரு கோடுகூட விழவில்லை. மேலே போல்ட்டை முறுக்கி முடித்தார்கள் என்று தெரிந்து எல்லோரும் கத்தியபோதுதான் தலையைத் தூக்கினேன். மூன்று இறக்கையும் நிற்கிறது. பரீது ஹார்னை விடாமல் அடிக்கிறான், கூட்டம் எதற்கென்று தெரியாமலேயே கைதட்டுகிறது. நானும் தட்டினேன். என்னைவிடச் சத்தமாகத் தட்டியவன் அங்கே கிடையாது.

நீ கேட்டதற்குப் பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். இருந்திருந்தால் அவன் இந்நேரம் கடையநல்லூரில் லீவில் இருப்பான். இதுதான் பதில். என் பயம் போய்விடவில்லை. ஆனால் அதற்காக முத்துராஜ் அண்ணாச்சியின் காலைப் பார்க்க ஆள் இல்லாமல் செய்ய என்னால் முடியாது. வேலையை விடு என்று இனி கேட்க மாட்டேன்.

சற்று முன் நீ இந்தப் பக்கம் திரும்பினாய். அத்தனை பேர் நடுவிலும் நான் விரலை மேலே நீட்டி வட்டம் போட்டேன். நீ வெட்கப்படுவாய் என்று பார்த்தால், மறுபடியும் இரண்டு கையையும் விரித்துவிட்டுச் சிரிக்கிறாய். சரி, உத்தரவு. இங்கேயே நிற்கிறேன். சாவகாசமாக எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு வா, ஒன்றாகப் போவோம்.

கதவை உம்மா திறக்கட்டும்.

உன்
சமீர்