ஒரே குண்டு, பன்னிரண்டு குதிரைகள்

செடார் ஃபோர்டு, ஓக்லஹோமா
ஜூன் 9, 1928

அன்புத் தங்கை மர்ட்டிலுக்கு,

நீயும் பிள்ளைகளும் பாஸ்டனில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக வேலியோரம் போய்க் காட்டெருமைகளை எண்ணினேன். நாற்பத்தொன்று. இந்த ஆறு மாதத்தில் பயமில்லாமல் எண்ணியது இன்றுதான்.

அப்பா போனதிலிருந்து ஒரே கேள்வி: மந்தையை மாநிலம் ஏற்றுப் பூங்காவாக்குமா, இறைச்சிக்காரர்கள் ஓட்டிப் போவார்களா? நேற்று சட்டமன்றக் குழு பார்க்க வந்தது. தலைவர் பர்டிக் வண்டியிலிருந்து இறங்கும்போதே, "ஒஹையோவுல பொறந்த ஆளு. நம்ம ஊரை வேஷங்கட்டி ஊர் ஊரா காட்டுனவன். அவன் பேருல பூங்காவா?" என்றார். நீயும் இதைத்தானே சொல்வாய்? கோபிக்காதே.

வரவேற்பு ஊர்வலத்தின் முன்வரிசையில், அப்பா ஊர் ஊராக நடத்திய துப்பாக்கிச் சண்டைக் காட்சியின் குதிரைகள் பன்னிரண்டு. மேயர் கிளெம் டட்டில் வானத்தை நோக்கிச் சுட்டுத் தொடங்கிவைத்தார். சுட வேண்டாமென்று அவரிடம் சொல்ல மறந்தவள் நான். வெடித்ததும், அப்பா பழக்கியபடியே, பன்னிரண்டும் நடுத்தெருவில் செத்ததுபோல் சாய்ந்தன. மேலிருந்த பழைய ஆட்களும் பழக்க தோஷத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உருண்டார்கள்.

"யோவ் கிளெம், ஒரே குண்டுல பன்னண்டா! நீ போர்க்களத்துல இருக்க வேண்டிய ஆளுய்யா!" என்று யாரோ கத்தினார். எல்லாம் போயிற்று என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்போது கஸ் விங்க்ளர், முப்பது வருடம் நம் காட்சியில் ஊதுகொம்பு வாசித்தாரே அவர், கடைசிக் காட்சியின் மெட்டை ஊதினார். குதிரைகள் எழுந்தன. முன்னங்கால் மடக்கித் தலை தாழ்த்தின. தெரு முழுக்கத் தொப்பிகள் பறந்தன.

பர்டிக் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். "என் வீட்டுல நாய்கூட என் பேச்சைக் கேக்காது. இந்த மனுஷன் செத்து ஆறு மாசமாச்சு, குதிரை இன்னும் கேக்குது! எங்க பொறந்தா என்னய்யா, இவன் நம்ம ஆளு" என்றார். மாலையிலேயே கையெழுத்தாயிற்று. அப்பாவின் பெயரிலேயே, ஹாஸ்கெட் பூங்கா!

அப்பா வேஷங்கட்டியவர்தான், மர்ட்டில். அந்த வேஷம்தான் இந்த மந்தையை அழியாமல் காத்தது. இரண்டையும் சேர்த்து ஒப்புக்கொள்ள எனக்கு நாற்பத்தாறு வயதாகியிருக்கிறது.

மந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டார்கள். தேடிச் சொல்கிறேன் என்றேன். இன்னும் யாருக்கும் சொல்லவில்லை, அந்த ஆள் நான்தான். செப்டம்பரில் கல்லூரியில் பாடம் நடத்தத் திரும்பப் போவதில்லை.

பிள்ளைகளோடு ஒருமுறை வா. அப்பாவின் கல்லறைக்காக வர வேண்டாம். எனக்காக வா.

உன் அக்கா,
லியோனா