குரம்பு உடைந்த கதை

இன்று காலை எங்கள் வாய்க்கால் கரையில், புது மதகுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பலகை நட்டார்கள். பெயின்ட் காய்வதற்குள் தொட்டுப் பார்த்துவிட்டேன். விரலில் நீலம் ஒட்டிக்கொண்டது. கழுவ மனம் வரவில்லை. அதில் என்ன எழுதியிருந்தது என்று கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் நீ இருக்கிற இடத்திலேயே குதிப்பாய்.

சவூதியிலிருந்து திரும்பிக் கூத்தாநல்லூரில் ஜவுளிக்கடை வைத்தவன் நீ. கடையில் துணிக்குச் சமமாகப் பழைய புத்தகம் கிடக்கும். கீழ்வேளூர்ப் பக்கத்து விவசாயி நான் வேட்டி எடுக்க வந்து, படிக்க உட்கார்ந்துவிட்டேன். யாரும் பேசாத சொல் ஒன்று கண்ணில் பட்டால், அன்றைக்கே அதை நாலு பேரிடம் புழங்கிவிட வேண்டும். பொருள் மட்டும் சொல்லக்கூடாது. இதுதான் நம் பந்தயம். "அர்த்தம் கேக்காம ஒருத்தன் அத தானா சொல்லிட்டான்னா, சொல்லு பொழச்சிருச்சு மாப்ளே" என்பாய். புடவை எடுக்க வந்த அம்மாவிடம் நீ, துணிக்கான பழஞ்சொல்லை எடுத்துவிட்டு, "கலிங்கம் காட்டட்டுங்களா?" என்று கேட்க, அவர், "அது எந்தக் கம்பெனி? சாயம் போவுமா?" என்றாரே. அன்று தோற்றது நீ.

பிறகு ஓர் ஆவணியில் எங்கள் வாய்க்காலின் கரை உடைந்து, தண்ணீர் முழுவதும் வடிகாலுக்குப் போனது. நாங்கள் கடைமடை. நாற்றங்கால் வெடிக்கத் தொடங்கியது. பாசன அலுவலகத்துக்கு மனு எழுதும் வேலையை ஊர் என்னிடம் கொடுத்தது. முந்தின நாள்தான் உன் கடையில் 'குரம்பு' என்ற சொல்லைக் கண்டிருந்தோம். மனிதர் கட்டிய கரை என்று பொருள். கை சும்மா இருக்குமா? 'எங்கள் குரம்பு உடைந்துவிட்டது' என்று எழுதிக் கொடுத்தேன். நான்கு நாள் கழித்து மனு திரும்பி வந்தது, 'விளக்கம் தேவை' என்று.

"நாத்து கருகுது, ஒனக்குப் புலவர் பட்டம் கேக்குதா?" என்று பக்கத்து வயல்காரர் கத்தினார். சேதி கேட்டு வந்த நீ சிரிக்கவில்லை. "பந்தயம் ரெண்டு பேருது. பழி மட்டும் ஒனக்கு எதுக்கு?" என்றாய். அலுவலக வாசலிலேயே உட்கார்ந்து, 'கரை உடைந்துவிட்டது' என்று மனுவை மாற்றி எழுதினாய். பிறகு துணிமூட்டை வந்த சாக்குகளையெல்லாம் வண்டியில் ஏற்றி வந்து, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களோடு மண் நிரப்பினாய். பாதி நாற்று பிழைத்தது. மீதிப் பாதிக்காக எனக்கு இன்றும் வெட்கம்தான்.

ஊர் சும்மா விடுமா? என்னைக் கேலி செய்யவே அந்த இடத்துக்குக் 'குரம்படி' என்று பேர் வைத்தார்கள். "மாட்டக் குரம்படியில கட்டு" என்று என் காதுபடச் சொல்வார்கள். சொல் பிழைத்துவிட்டது என்று நான் உன்னிடம் வாதாடினேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை. "இது கேலி மாப்ளே, கணக்குல சேராது." ஒத்துக்கொள்ளாமலேயே கண்ணை மூடிவிட்டாய்.

மனுவென்றால் இப்போதெல்லாம் ஊர்ப் பேச்சில்தான் எழுதுகிறேன். மற்றபடி நாளுக்கு ஒரு சொல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் வயலுக்குப் போகிறேன்.

பலகையில் எழுதியிருந்தது: 'குரம்படி மதகு'. எழுதிய பையன் வெளியூர். "இது என்ன பேரு தம்பி?" என்று வேண்டுமென்றே கேட்டேன்.

"இந்த எடத்துப் பேருங்க. ஒங்களுக்குத் தெரியாதா? நீங்க வெளியூருங்களா?"

அவன் கேலி செய்யவில்லை. கணக்கில் சேர்த்துக்கொள், மாப்ளே.